ரெண்டு காலிலும் இருக்கு

என் காலுக்குள்ளே ஒரு ஒயர் ஏறிக்கொண்டிருக்கிறது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே ஊசியால் ஓட்டை போட்டு உள்ளே விட்டார்கள், இப்போது தொடையில் போகிறது, கவட்டை வரைக்கும் போகுமாம், அங்கே நின்று சூட்டைக் கக்கிக்கொண்டே பின்னால் வருமாம், வருகிற வழியெல்லாம் கெட்டுப்போன குழாய் பொசுங்கி ஒட்டிக்கொள்ளுமாம். வலிக்கவில்லை. வலித்தாலாவது தேவலை, கத்தலாம், இந்தப் பச்சைத் துணித் திரையைப் பிடித்து இழுத்து டாக்டர் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கலாம், வலி தாங்காமல் கிழவன் செய்துவிட்டான் என்று ஊர் மன்னித்துவிடும். கட்டிலைச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், தலை பள்ளத்தில், கால் மேட்டில், உரிக்கத் தொங்கவிட்ட கிடாய் மாதிரி கிடக்கிறேன், கிடாய்க்குக்கூட ஒரே வெட்டு, எனக்கு இதுவரைக்கும் பதினேழு ஊசி, எண்ணினேன். குளிர்ந்த மருந்துத் தண்ணீரைத் தொடை நெடுக ஏற்றி, சூடு தோலில் படாமல் இருப்பதற்காம், காலையே பனிக்கட்டி ஆக்கிவிட்டார்கள். கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல், ஒன்று டாக்டர் இளங்கீரன், இன்னொன்று ஜெசிந்தா சிஸ்டர். கொஞ்சம் முன்னால் அந்தப் பெண் கேட்டது, "சார், இவரோட அட்டெண்டர் வெளிய இருக்காரு, அவர்ட்ட என்ன சொல்லணும்?" டாக்டர் நிதானமாகச் சொன்னார், "முடிஞ்சதும் ஸ்கேன் படத்தக் காட்டிச் சொல்லிருங்க. ரெண்டு காலிலும் இருக்கு, இன்னைக்கு வலது, அடுத்த மாசம் இடது. வருசக்கணக்கா நின்னே வேலை பாத்ததால உள்ள இருக்கிற வால்வு பழுதாப் போச்சு, கீழ இறங்கின ரத்தம் மேல ஏற முடியாமத் தங்கி வீங்குது. அடி கிடி பட்டு வந்ததில்ல. அவ்வளவுதான்." அவ்வளவுதான். அந்த ஒரு சொல் என் நெஞ்சில் கொத்துக் கரண்டியாக இறங்கியது. அட டாக்டரே, நீ படித்தவன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் யார் தெரியுமா, என் தம்பி ஒச்சப்பன், இந்தக் காலை விறகுக்கட்டையால் அடித்து வீணாக்கினது தான்தான் என்று இருபத்திரண்டு வருசமாக நம்பிக்கொண்டிருக்கிறவன்.

நம்ப வைத்தவன் நான். என் பெயர் சுருளியாண்டி, பைபாஸ் ரோட்டுப் புரோட்டாக் கடைகளில் முப்பத்தாறு வருசம் கல்லுக்கு முன்னால் நின்ற மாஸ்டர், என் வாயிலிருந்து வருவதில் பாதியை ஊர் நம்பாது, நம்பாமலே கேட்டுக்கொண்டிருக்கும், அது ஊருக்கு ஒரு சுகம். ஒருநாள் வீசின வீச்சில் புரோட்டா ஜன்னல் வழியாகப் போய்க் கரண்டுக் கம்பியில் வேட்டி மாதிரித் தொங்கியது, எட்டுக் காக்கா உட்கார்ந்தும் கிழியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். நான் கொத்துப் போட்ட தாளத்தில் சிக்கி, சாமி ஊர்வலத்துக் கொட்டுக்காரர்கள் தேரை நடுரோட்டில் விட்டுவிட்டுக் கடைக்குள் வந்து ஆளுக்கு நாலு தின்றார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் யாரும் நம்பவில்லை. இந்த ஒன்றை மட்டும் நம்பினார்கள், ஏனென்றால் இதை முதலில் நான் சொல்லவே இல்லை, அவர்களாகச் சொன்னார்கள், நான் முனகினேன். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் ஒருநாள், சாயங்காலம் நாலு மணி, வியாபாரம் ஆரம்பிக்கவில்லை, அடுப்பில் விறகு பிடித்துக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் பலகையில் மாவு பிசைந்து முடித்து ஈரத்துணி போட்டு மூடியிருந்தான். அவன் பலகை, நான் கல், எங்கள் கடையில் அதுதான் முறை, கல்லில் நிற்கிறவன்தான் மாஸ்டர், முதலாளிகூடக் கல்லுக்குப் பக்கத்தில் வந்தால் குரலைத் தணித்துப் பேசுவார். பதினெட்டு வருசம் பலகையிலேயே நின்றவன் அன்றைக்குக் கேட்டான், "அண்ணே, வாரத்துல ரெண்டு நாளு நா கல்லுல நிக்கிறேண்ணே. ஒனக்குத்தான் காலு வீங்குதுல்ல." வீங்குதுல்ல என்றான், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. எனக்கு மண்டைக்குள்ளே எண்ணெய் பற்றிக்கொண்டது. "பிசையிறதுதாண்டா ஒனக்கு விதிச்சது" என்றேன், "பதினெட்டு வருசமாப் பிசையிற, ஒன் வீட்ல ஒரு தொட்டில் கட்ட முடிஞ்சதா?" அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அடுப்பில் பாதி எரிந்துகொண்டிருந்த விறகை உருவினான், கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினான், தப் என்று சத்தம், சதையில் விழுந்த சத்தம், எலும்பை மூடின கனத்த சதையில் விழுந்த சத்தம். விழுந்தது மாவில். ஈரத்துணிக்கு அடியில் படுத்திருந்த பதினைந்து கிலோ மைதாவில் விழுந்தது, அதில் ஒரு முழத்துக்குப் பள்ளம், நான் பயத்தில் பின்னால் சாய்ந்து எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்தேன், கைலி இடுப்புக்கு ஏறிவிட்டது, அப்போதுதான் அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள்.

முதன்முதலாகப் பார்த்தார்கள். மூன்று வருசமாக அதைக் கணுக்கால் வரைக்கும் கைலியில் மறைத்து வைத்திருந்தேன். கெண்டைக்கால் முழுக்க மண்புழு மண்புழுவாகச் சுருண்டு புடைத்த நீல நரம்பு, கணுக்காலுக்கு மேலே காப்பித்தூள் நிறத்தில் கருத்துத் தடித்த தோல். காலையில் எழுந்தால் வடிந்திருக்கும், கல்லுக்கு முன்னால் நாலு மணி நேரம் நின்றால் மறுபடி ஊதிக்கொள்ளும், செருப்பு வார் சதைக்குள்ளே புதைந்து கிடக்கும். டாக்டரிடம் போகவில்லை, போனால் நிற்காதே என்பார், நிற்காதவன் மாஸ்டரா. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாவு. மாவு பதமா என்று பார்க்கக் கட்டைவிரலால் அமுக்குவோம், குழி மெல்ல எழும்பினால் பதம், எழும்பாமல் கிடந்தால் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். காலில் அமுக்கினேன். குழி விழுந்தது. ஒரு பீடி குடித்து முடிக்கிற வரைக்கும் எழும்பாமல் குழியாகவே கிடந்தது. சரி, இன்னும் அடிக்கணும் போல என்று முடிவு கட்டினேன், உலகத்தில் வேறு எந்த முட்டாளும் இப்படி முடிவு கட்டியிருக்க மாட்டான். எண்ணெயைச் சுடவைத்துத் தடவி, முட்டியை மடக்கிக் குத்தி, உள்ளங்கையால் அறைந்து, முழங்கையை வைத்து உருட்டி, முறுக்கி, என் காலை நானே பிசைந்தேன், தினமும், அதுவும் வைராக்கியத்தோடு. அப்படிப் பிசைந்து பிசைந்துதான் போன வருசம் தோல் வெடித்துப் புண்ணாகி நீர் வடிய ஆரம்பித்தது. இளங்கீரன் டாக்டர் பார்த்துவிட்டுக் கேட்டார், "யாருங்க ஐயா இதப் போட்டு இந்தப் பாடு படுத்தினது?" அணையில் குளிக்கும்போது ஒரு முதலை என் காலைக் கவ்விற்று, நான் அதன் வாயைக் கிழித்து வெளியே வந்தேன் என்றேன். சிரித்தார். அன்றைக்குக் கடையில் யாரும் சிரிக்கவில்லை. "அய்யய்யோ, ஒரே அடியில நரம்ப எல்லாம் நெளிச்சுட்டானே படுபாவி" என்று டீ போடுகிற வீரணன் தலையில் அடித்துக்கொண்டான். இது பழசுடா என்று நான் சொல்லியிருக்கணும். சொன்னால் கல் போயிற்று, இந்தக் காலோடு யார் நிற்க விடுவார்கள். முனகினேன். கண்ணைத் திறந்து பார்த்த ஒச்சப்பன் விறகைக் கீழே போட்டான், அவன் முகம் பிய்ந்து விழுந்தது. அன்றைக்கே அந்தப் பள்ளம் விழுந்த மாவை உருண்டை பிடித்து வீசிக் கல்லில் போட்டு விற்றுவிட்டார்கள். இருந்த ஒரே சாட்சியை ஊர் சால்னா ஊற்றித் தின்று ஏப்பம் விட்டது.

"லேசர் ஆன் பண்றேங்க ஐயா. காலை ஆட்டிராதீங்க. நாக்குல கசப்பு தட்டலாம், கருகின வாடை வரலாம், பயப்படாதீங்க." பீப் என்கிறது மிஷின். பீப். பீப். ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ளே ஒரு நகக்கண் அளவு எரிந்து அடைகிறது, நெருப்பு எனக்குள்ளே நின்று நின்று நடந்து வருகிறது. வாடை வருகிறது, முடி பொசுங்குகிற வாடை, இல்லை, ஈரத்துணி கருகுகிற வாடை, இல்லை, இதெல்லாம் நானாக நினைத்துக்கொள்கிறேன். போலீசுக்கு ஆள் அனுப்பினது முதலாளி. நான் புகார் கொடுக்கவில்லை, அவர்கள் எழுதினதில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான், பார், நானும் அவ்வளவுதான் என்கிறேன். ஒச்சப்பனை இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அண்ணன் காலை உடைச்ச நாய்க்குக் கால்லதாண்டா குடுக்கணும் என்று ஒரு ஏட்டு நியாயம் பேசினாராம், நியாயவான், அவர் நியாயம் நாசமாய்ப் போக. பெஞ்சில் குப்புறப் போட்டுக் கட்டி, உள்ளங்காலில் லத்தி. பீப். லத்தி முறிந்ததும் வேறு லத்தி. பீப். குதிகாலில் தோல் உரிந்து தொங்கியதாம், கடைசியில் ஒருத்தன் பூட்ஸ் காலால் ஏறி நின்று இடது காலின் இரண்டு விரலை அரைத்துவிட்டான், அது இன்றைக்கும் பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் நான் வீட்டுக் கட்டிலில் காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, பார்க்க வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் நாள் அது விறகு. மூன்றாம் நாள் புளியங்கட்டை. ஒரு மாசத்தில் ஆறடி வேலங்கட்டை, நுனியில் ஆணி. ஒரு வருசத்தில் முதல் வீச்சை நான் வெறுங்கையால் தடுத்தேன், இரண்டாவதைக் கொத்துக் கரண்டியால் தடுத்தேன், கரண்டி இரண்டாகப் பிளந்தது, மூன்றாவதுதான் பட்டது. காலை மறைக்க வேண்டிய வேலை போயிற்று, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி கல்லில் நின்றேன், அடிபட்ட காலோட நிக்கிறார் பாரு மாஸ்டர் என்று ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மூன்றாம் நாளே ஸ்டேஷனிலிருந்து வந்த ஒச்சப்பன் குதிகாலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான், வந்து இந்தக் காலைக் கட்டிப் பிடித்து அழுதான். "அண்ணே, என் கையை வெட்டிப் போட்ருண்ணே." வெங்காயம் நறுக்குகிற கத்தியை எடுத்து என் கையில் திணித்தான், மணிக்கட்டைக் கட்டில் சட்டத்தில் வைத்தான். நான் வெட்டவில்லை. பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். மன்னித்தேன்! பீப். வெட்டியிருந்தால்கூட இதைவிட நல்லவனாக இருந்திருப்பேன், கை போனதோடு அவன் கணக்குத் தீர்ந்து எங்கேயாவது போய்ப் பிழைத்திருப்பான். அந்தக் கை அதற்குப் பிறகு மாவைத் தொடவே இல்லை.

"ஜெசிந்தாம்மா" என்று கூப்பிட்டேன். "என்ன தாத்தா, சுடுதா?" "சுடல. வெளிய இருக்கானே என் தம்பி, அவன்ட்ட எதுவும் சொல்லாதம்மா. அவனுக்கு நெஞ்சுல நாலு அடைப்பு. கெட்ட சேதி கேட்டா அங்கனயே விழுந்துருவான்." "இதுல கெட்ட சேதி என்ன தாத்தா இருக்கு? நல்ல சேதிதான." "அவனுக்கு நல்ல சேதியும் ஆகாது." டாக்டர் சிரித்தார், அவர் சிரிப்பில் ஒயர் ஆடுமோ என்று எனக்கு உயிர் போயிற்று. "லிப்ட் ரிப்பேருன்னு உங்களத் தோள்ல போட்டு மூணு மாடி தூக்கிட்டு வந்தாரு தாத்தா அவரு. நாலு அடைப்பாம்" என்றாள் ஜெசிந்தா. "கிறுக்கன்மா அவன். படத்தக் காட்டினா கடிச்சு வச்சிருவான்." "கடிச்சா ஊசி போட்டுக்கிறேன், இங்கதான் ஊசிக்குப் பஞ்சமில்லையே." வாய். இந்த வாயை என்ன செய்வது. மனசுக்குள்ளே கல் காய்ந்திருக்கிறது, நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடுகிறது, இரண்டு கையிலும் கரண்டி, அந்தப் படத்தைக் கல்லில் போடுகிறேன், கொத்து, டாக்டரின் அவ்வளவுதானைப் போடுகிறேன், கொத்து, ஜெசிந்தா நாக்கைப் போடுகிறேன், பாவம் சின்னப் பெண், பரவாயில்லை, கொத்து, ஏட்டு, லத்தி, முதலாளி, வீரணன் தலையில் அடித்துக்கொண்ட கை, டங்கு டக்கு டங்கு டக்கு, எல்லாம் பொடியாகிறது, அள்ளிப் பார்த்தால் அடியில் முழுசாகக் கிடக்கிறது என் மூஞ்சி, எவ்வளவு கொத்தினாலும் வெட்டுப்படவில்லை, சிரிக்கிறது, அடுத்த கதைக்கு உதட்டை நக்கிக்கொள்கிறது. பீப். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு ஒச்சப்பனைத் தந்திரமாக டீ வாங்க அனுப்பினேன், கீழே கடையில் வேண்டாம், எதிர் ரோட்டுக் கடையில் இஞ்சி போட்டு வாங்கு என்று அனுப்பினேன், அவன் தட்டித் தட்டி ரோட்டைக் கடந்து போய் வருகிற நேரத்தில் டாக்டர் எல்லாவற்றையும் என்னிடம் மட்டும் சொல்லி முடித்தார். இன்றைக்கு நான் இங்கே மல்லாந்து கிடக்கிறேன், காலுக்குள்ளே நெருப்பு, யாரை எங்கே அனுப்புவது.

சொல்லிவிட்டால் என்ன. சொல்லிவிடலாம், அறுபத்து மூன்று வயசாகிறது அவனுக்கு, இன்னும் எத்தனை வருசம் சுமப்பான். சொல்லிவிட்டால் காலை அஞ்சரை மணிக்கு யார் வருவார்கள். அங்கேதான் போய் முட்டுகிறது, எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அந்தக் கதவில்தான் போய் முட்டுகிறது. அஞ்சரைக்கு, கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை முடித்து வருவான், ஒரு கால் தட்டும், ஒரு கால் இழுக்கும், தட்டு, இழு, தட்டு, இழு, தெருமுனையிலேயே எனக்குக் கேட்டுவிடும். படுக்கையை விட்டுக் காலைத் தரையில் வைப்பதற்கு முன்னாலேயே அந்த இறுக்கமான நீளக் காலுறையைப் போட்டாக வேண்டும், கால் வடிந்திருக்கும்போதே, இறங்கி நின்றுவிட்டால் ரத்தமும் இறங்கிவிடும், அப்புறம் அது ஏறாது. என்னால் குனிய முடியாது. பெண்டாட்டி போய் ஒன்பது வருசம், மகள் திருப்பூரில், எதிர்வீட்டுப் பையன்களுக்கு என் கதை வேண்டும், கால் வேண்டாம். ஒச்சப்பன் தரையில் உட்கார்ந்து, என் குதிகாலைத் தன் தொடை மேல் வைத்து, பவுடர் தூவி, காலுறையைக் குதிகால் வரைக்கும் உள்ளும் புறமுமாகப் புரட்டி, விரலில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவான், ஒரு சுருக்கம் விழாது, சுருக்கம் விழுந்தால் அந்த இடம் கயிறாக இறுக்கும். நான் ஒருநாள் அவசரத்தில் வீங்கின காலில் நானே மாட்டப்போய் முழங்காலுக்குக் கீழே சுருண்டுகொண்டு கால் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது, அவன் வந்து கத்தரியால் வெட்டி எடுத்தான், எடுத்துவிட்டு அழுதான், என்னாலதான ஒனக்கு இம்புட்டு என்றான். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எட்டு மாசம் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு ஆற வைத்ததும் அவன்தான், தினமும் மூன்று வேளை காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வை என்று காவல் நின்றதும் அவன்தான். எதற்கு வருகிறான். அன்பாலா. என் மேல் அன்பு வைக்க என்ன இருக்கிறது. அந்த அடிதான் அவன் கழுத்தில் கயிறு போட்டு இழுத்து வருகிறது, விழாத அடி. அதைப் பிடுங்கிவிட்டால் நாளைக்கு அஞ்சரைக்குத் தெருவில் தட்டு இழு கேட்காது. ஆறு மணி. ஏழு மணி. மூத்திரம் முட்டும். காலைத் தொங்கவிடாமல் கட்டிலிலேயே கிடப்பேன். எட்டு மணிக்கு வேறு வழியில்லாமல் இறங்குவேன், இடுப்பிலிருந்து ரத்தம் பாதாளத்துக்குச் சரிகிறது எனக்கே கேட்கும், அப்புறம் ஊதும், அப்புறம் வெடிக்கும், தனியாகக் கிடந்து நாறிச் சாவேன். சொல்லாதே. சொல்லாதே என்றால் இந்தப் பெண் சொல்லப்போகிறாள். பீப். முந்திக்கொண்டு ஏதாவது சொல், அதுதானே உன் தொழில், அடி ஒரு காலில் பட்டால் மறு காலுக்கு இறங்கும் என்று சொல், படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல், டாக்டர் குடித்திருக்கிறார் என்று சொல்.

பீப் நின்றுவிட்டது. "முடிஞ்சுதுங்க ஐயா, முப்பத்தெட்டு நிமிசம்" என்றார் டாக்டர். ஜெசிந்தா ஓட்டையில் பஞ்சு வைத்து ஒட்டி, தொடை வரைக்கும் காலுறையை ஏற்றினாள், ஒச்சப்பன் அளவுக்கு வராது, இரண்டு சுருக்கம். "இப்பப் படுக்கக் கூடாது தாத்தா, அரை மணி நேரம் நடக்கணும், உடனே. ரத்தம் தேங்கிரக் கூடாது." என் தோளைப் பிடித்துக் கதவைத் திறந்தாள். நீள வராந்தா, வரிசையாக நாற்காலிகள், எல்லா நாற்காலியிலும் யாராவது ஒருவரின் வீங்கின கால். ஒச்சப்பன் எழுந்து நின்றான், மடியில் வைத்திருந்த, ஸ்கேன் படம் போட்ட காக்கிக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு. "ஐயா, இந்தப் படத்துல பாத்தீங்கன்னா" என்று அவள் ஆரம்பித்தாள். நான் குறுக்கே விழுந்தேன், "ஒச்சா, உள்ள நடந்ததக் கேளுடா, காலுக்குள்ள ஒரு தீப்பிடிச்ச பாம்ப விட்டாங்கடா, அது தொடைக்கு வந்து என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டு" என்று அள்ளி வீசினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்மா" என்றான் அவளிடம். "ரெண்டு காலிலும் இருக்கு. நின்னதால வந்தது, அடியால வந்ததில்ல. ஸ்கேன் எடுத்த அன்னைக்கு டீயோட மேல வந்தேன், அப்பவே அந்த ஸ்கேன் ரூம் தம்பிகிட்டக் கேட்டுக்கிட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்." பதினைந்து நாள் ஆகிறது ஸ்கேன் எடுத்து. பதினைந்து காலை. பதினைந்து தடவை அஞ்சரை மணிக்கு வந்து, தெரிந்துகொண்டே தரையில் உட்கார்ந்து, தெரிந்துகொண்டே என் குதிகாலைத் தொடை மேல் வைத்து, இன்றைக்கு மூன்று மாடி. "இனிமே அண்ணன் காலுக்குப் பயமில்லையேம்மா?" என்றான். "இல்லைங்கய்யா." "தனியா நிப்பாரா?" "நிப்பாரு, நடப்பாரு, ஒண்ணும் ஆகாது." "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றான், கவரை நாற்காலியில் வைத்தான், என் கன்னத்தில் அறைந்தான்.

பல்செட் கழன்று நாக்கில் புரண்டது. காது கொய்ங் என்றது, சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, உதடு கிழிந்து வாயில் ரத்தம் உப்புக் கரித்தது, மேலே ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த ரத்தம் ஒரு நொடியில் மூஞ்சிக்கு ஏறிவிட்டது. விழவில்லை. நின்றேன். ஜெசிந்தா அலறினாள். வீங்கின கால்காரர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். செக்யூரிட்டி ஓடிவந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான், "யோவ், ஆபரேசன் பண்ணின பெரியவரப் போட்டு அடிக்கிற, மனுசனாய்யா நீ? போலீசக் கூப்பிடுங்க சிஸ்டர்." போலீஸ் என்ற சொல் விழுந்ததும் ஒச்சப்பனின் இடது கால் தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது, திரும்பிக் கிடக்கிற அந்த இரண்டு விரலும் செருப்புக்குள்ளே சுருண்டதை நான் பார்த்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான், அன்றைக்குக் கடையில் நின்ற மாதிரியே, இப்போது எது நடந்தாலும் அது தனக்குத்தான் என்கிற மாதிரி. "என்ன நடந்துச்சுங்க பெரியவரே, யார் இவரு?" என்று செக்யூரிட்டி என்னைக் கேட்டான். வராந்தா முழுக்க என் வாயையே பார்த்தது. வாயில் ஏழு கதை தயாராக இருந்தது, ஒன்றையொன்று முண்டிக்கொண்டு, எல்லாம் நல்ல கதை, எல்லாவற்றிலும் அவனும் தப்புவான், நானும் தப்புவேன், நாளைக்குக் காலையும் தப்பும். பல்செட்டைத் துப்பிக் கையில் பிடித்துக்கொண்டேன். "என் தம்பி" என்றேன். "விடுப்பா அவன. இருவத்திரெண்டு வருசத்துக்கு முன்னாடி விறகால அடிச்சு என் காலை ஒடச்சான்னு ஊரெல்லாம் சொன்னேன். போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். பொய். அடி என் மேல படவே இல்ல, மாவுல பட்டுச்சு. இவன் என்னைய அடிக்கிறது இன்னைக்குத்தான் மொதத் தடவ." பல் இல்லாத வாயில் பாதி காற்றாகப் போயிற்று. செக்யூரிட்டி பிடியை விட்டான்.

"கேக்கல" என்றான் ஒச்சப்பன், தலையைத் தூக்காமலே. "சத்தமாச் சொல்லுண்ணே."